பொம்மை விலையும் எல்லைக்காரன் கணக்கும்

நகரி
16.11.2025

அன்புள்ள பாலுவுக்கு,

தீபாவளி கழித்து உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கப் போய், பொம்மை விலையைப் பார்த்துத் திரும்பி வந்த கதையை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். பொம்மைக் கடை வைத்திருப்பவனிடமே இதைச் சொல்கிறாயே! இங்கே நாங்கள் ஐந்து வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கும் பாடம் இது.

உங்கள் அமெரிக்காவில் விற்கும் பொம்மைகளில் முக்கால் பங்குக்கு மேல் சீனச் சரக்கு. 2025 ஏப்ரலில் அதற்கு 145 சதவீதம் வரி என்றார்கள், மே மாதம் 30க்கு இறக்கினார்கள், நவம்பரில் இன்னும் கொஞ்சம் இறக்கினார்கள். வரி அதிகமாக இருப்பதைவிட இந்த ஆட்டம்தான் கடைக்காரனுக்குத் தலைவலி. கிறிஸ்துமஸ் சரக்குக்குப் பல மாதம் முன்பே ஆர்டர் போட வேண்டும். கப்பல் கிளம்பும்போது ஒரு வரி, கரை சேரும்போது வேறு வரி என்றால் எதை வைத்து விலை போடுவது? பெரிய எண்ணை வைத்துத்தான் போடுவான். நானும் அப்படித்தான் போடுவேன். இல்லினாயில் கல்விப் பொம்மை செய்யும் லேர்னிங் ரிசோர்சஸ் என்ற கம்பெனி இந்த வரியை எதிர்த்து உங்கள் உச்ச நீதிமன்றம் வரை போனதே, 2025 நவம்பர் 5ஆம் தேதி வாதம் நடந்ததாகப் படித்தேன். பொம்மைக்காரன் ஒருவன் அவ்வளவு தூரம் போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

முப்பது பொம்மைக்குப் பதில் இரண்டு பொம்மை இருந்தால் என்ன என்று உங்கள் அதிபர் டிரம்ப் சொன்னதை இங்கே வீட்டில் சொன்னேன். "முப்பது பொம்மை வைத்திருக்கும் பிள்ளையை முதலில் எனக்குக் காட்டுங்கள்" என்றாள் உன் தங்கச்சி.

எங்கள் கதைக்கு வருகிறேன். 2020 பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. நடுவில் 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கக்கூடாது என்று உத்தரவு. நூறு ரூபாய்க்கு இறங்கும் பேட்டரி கார் ஒன்றை எடுத்துக்கொள். சுங்கம் 70, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே இருநூறு. அதோடு முடியவில்லை. சென்னைப் பாரிமுனை மொத்த வியாபாரி தன் லாபத்தை அந்த இருநூறின் மேல்தான் சதவீதமாகப் போடுவான், நானும் அவன் விலைமேல்தான் போடுவேன். அரசாங்கத்துக்குப் போன காசுக்கும் சேர்த்து நாங்கள் லாபம் வைக்கிறோம். வரி எழுபது ரூபாய் என்றால் வாங்குபவர் கையிலிருந்து எழுபதைவிட அதிகமாகப் போவது இப்படித்தான்.

இதனால் பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். 2014-15இல் 33 கோடி டாலருக்கு இருந்த பொம்மை இறக்குமதி 2022-23இல் 16 கோடிக்கு இறங்கியது, ஏற்றுமதி 10 கோடிக்குள் இருந்தது 32 கோடியைத் தாண்டியது. ராணிப்பேட்டையில் ஃபன்ஸ்கூல் ஆலை இருப்பது உனக்குத் தெரியும். முத்திரை உத்தரவை நான் முழுக்க ஆதரிக்கிறேன். சோதித்துப் பார்த்த வெளிநாட்டுப் பொம்மைகளில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை என்று 2019இல் அறிக்கை வந்ததே. பிள்ளை எதையும் முதலில் வாயில்தான் வைக்கும். ஆனால் முத்திரை வேறு, 70 சதவீதம் வேறு. தரத்தைச் சோதித்துவிட்டால் போதும், அதற்கு மேல் இவ்வளவு உயரமான சுவர் எதற்கு என்பது என் கட்சி.

ஏன் என்றால் நான் பார்ப்பது பெரிய பெட்டிப் பொம்மையை அல்ல, இருபது ரூபாய்ப் பொம்மையை. திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டத்தில் பிள்ளைக்கு ஊதலோ குட்டிப் பேருந்தோ வாங்காத அப்பன் உண்டா? அவனிடம் இருபதை முப்பது ஆக்க முடியாது, நகர்ந்துவிடுவான். அதனால் விலை அப்படியே நிற்கும், பொம்மைதான் இளைக்கும். பிளாஸ்டிக் மெலிந்தது. சக்கரம் சுற்றாமல் ஒட்டிக்கொண்டு வருகிறது. முன்பு சாவி கொடுத்தால் ஓடிய தவளைக்குச் சாவியே போய்விட்டது. எந்தக் கணக்கிலும் இது விலையேற்றம் என்று எழுதப்படாது.

2025 செப்டம்பர் 22 முதல் லூடோ, கேரம், சாதாரணப் பொம்மைகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 ஆனது. பேட்டரி போட்டதற்கு 18 அப்படியே. கேரம் போர்டு கொஞ்சம் நகர்கிறது.

நாம் எல்லையில் பிறந்தவர்கள், வரி என்றாலே சுற்றுவழி தேடும் புத்தி. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போய், நம் நகரி ஆந்திரப் பக்கம் நின்றதிலிருந்து அதுதானே பிழைப்பு! இன்றும் பெட்ரோல் அங்கே மலிவு என்று வண்டியை அந்தப் பக்கம் விடுகிறோம். சுங்கத்தில் அந்த வித்தை பெரிய கம்பெனிக்கு மட்டும்தான் நடக்கும். சீனாவுக்கு வரி என்றால் வியட்நாமுக்குப் போவான், இந்தியாவுக்கு வருவான். எங்கள் பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் பஞ்சுப் பொம்மை தைக்கும் ஆலையே இருக்கிறது. ஆனால் 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்குக்கும் 50 சதவீதம் ஆக்கினார்கள். அமெரிக்காவில் வாங்குபவன் அதை முழுசாகச் சுமக்கமாட்டான், தையல் கூலியில்தான் பேரம் பேசுவான். சத்தியவேடு, தடா பக்கத்துப் பெண்பிள்ளைகளின் சம்பளமும் இந்தக் கணக்கில் வந்துவிட்டது பார்.

அப்புறம், இங்கே மழை பரவாயில்லை. விசைத்தறிச் சத்தம் முன்போல ராத்திரி முழுக்கக் கேட்பதில்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? புத்தூர் வைத்தியரிடம் காட்டலாம், வா.

ஜனவரியில் வரும்போது பேத்திக்கு அங்கே எதையும் வாங்கி அலையாதே. திருப்பதியிலிருந்து மரப்பாச்சி ஜோடி வரவழைக்கிறேன். செம்மரம் என்றால் விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள், அதனால் வேறு மரத்தில் கடைந்ததாகக் கேட்டிருக்கிறேன். என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டியே எழுது.

உன்
மணி