பிரித்துக் கொடுத்த கைகளுக்கு

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர்ப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வையாகத் தைத்த துப்பட்டிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. கேரள மலையில் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளர் லயங்களில் தங்கியிருக்கிற மூத்த பெண்கள் இந்த மார்கழியில் அவற்றைப் போர்த்தியிருக்கிறார்கள். இளவயதில் விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போய்க் காய் எடுத்து, இப்போது போடியிலேயே ஓய்ந்திருக்கிற பாட்டிமார்களுக்கும் கொடுத்தாயிற்று. தைத்த பெண்களுக்கு அன்றைக்கே துண்டு போர்த்தி மரியாதை செய்தார்கள். தப்பாகத் தைத்ததையெல்லாம் பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தவர்களை மேடைக்குக் கூப்பிட மறந்துபோனார்கள். அது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

யார் பெயரையும் எழுதவில்லை. அவரவருக்குத் தன் கதை தெரியும். சங்கடத்தில் மாட்டிக்கொண்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க மதினி, இன்னொரு வாட்டி எல்லாரும் சிரிக்கட்டும்" என்றுதான் அவர்களும் சொன்னார்கள்.

முதல் நன்றி எதிர்வீட்டு அப்பத்தாவுக்கு.

5.5 மீட்டர் சேலையைக் குறுக்கே இரண்டாக மடித்தால் ஒரு ஆள் படுத்துப் போர்த்துகிற நீளம் வந்துவிடும். உள்ளே நைந்த சேலைகளை மூன்று நான்காகப் பரப்பி, மேலே ஒட்டுத்துணிகளைக் கட்டம் கட்டமாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெஷினில் வரிவரியாகத் தையல் அடித்துக்கொண்டு வரவேண்டும். நடு வரி அடிக்கிறபோது முழுக் கனமும் மடியில் கிடக்கும். அப்படி மும்முரமாக அடித்துக்கொண்டிருந்த நம் தங்கச்சி ஒருத்தியின் முந்தானை இடுப்பிலிருந்து நழுவி அடிப்பக்கம் போய்விட்டது. அடித்துணியும் சேலை, முந்தானையும் சேலை. கைக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒரு முழத்துக்கு ஓடிவிட்டது தையல்.

அந்த நேரம் பார்த்துச் சுகாதார நிலையத்து டாக்டரம்மா உள்ளே வந்தார். பிள்ளை மரியாதையாகக் கைகூப்பிக்கொண்டு எழுந்தாள். துப்பட்டியும் கூடவே எழுந்தது. மெஷினில் இருந்த நூல்கண்டு தெறித்து டாக்டரம்மா காலடிக்கு உருண்டது. அவள் ஒரு அடி வைத்தால் சேலை முழுசாக அவிழும்; உட்காரவோ இடமில்லை, நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது.

அப்பத்தா எழுந்தார். "எல்லாரும் வாசப் பக்கம் திரும்புங்கத்தா" என்று ஒரு சத்தம். தைத்து முடித்த துப்பட்டி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வயதில் அவ்வளவு கனத்தை அவர் எப்படித் தூக்கிப் பிடித்திருந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். திரைக்கு உள்ளே அவருடைய பேத்தி, பள்ளிக்கூடச் சீருடையோடு, பிளேடும் கையுமாக உட்கார்ந்து பிரித்தாள். ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், துணியைப் புரட்டி மறுபக்கத்து நூலை உருவினாள். வெடுக்கென்று இழுத்தால் பழஞ்சேலை கிழிந்துவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்பத்தாதான். முந்தானையில் ஒரு இழை அறுபடவில்லை. "சேலைக்கும் சேலைக்கும் சம்பந்தம் பேசி முடிச்சிருச்சு, நாமதான் பிரிச்சு வச்சுட்டோம்" என்று அப்பத்தா சொன்னபோது, அந்தத் தங்கச்சிதான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தாள். அதுவரைக்கும் வாசலைப் பார்த்தபடியே டீ குடித்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்கும் எங்கள் நன்றி.

அடுத்தது, வேட்டிக்காரருக்கு. அவர் வீட்டில்தான் ஒட்டுத்துணி வெட்டுகிற வேலை நடந்தது. பாயில் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, பெரிய கத்தரியால் வெட்டினார் அந்த வீட்டு அக்கா. அடியில் தேய்த்து மடித்து வைத்த வேட்டி கிடந்திருக்கிறது. கத்தரி அதையும் சேர்த்துக் கடித்துவிட்டது யாருக்கும் தெரியாது. மறுநாள் ஒரு காதுகுத்துக்கு வேட்டிக்கார அண்ணன் அதையே கட்டிக்கொண்டு போயிருக்கிறார். மடித்த வேட்டி ஆனதால் ஒரே வெட்டு நாலு இடத்தில், ஒரே அளவில், ஜன்னல் வைத்ததுபோலத் திறந்திருந்தது. பந்தியில் இலைக்கு முன்னால் சம்மணம் போடும்போதுதான் தெரிந்ததாம். பிள்ளைக்குத் தாய்மாமன் சீராக வந்த புதுத் துண்டை எடுத்து, யாரும் பார்க்குமுன் அவர் இடுப்பில் சுற்றிவிட்ட அந்த மாமன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் நன்றி சேரட்டும்.

அண்ணன் வீட்டுக்கு வந்து கோபப்படுவார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவர் அந்த வேட்டியை மடித்துத் தையல் கூடத்துக்கே கொண்டுவந்து வைத்தார். "வெட்டுனது வெட்டுனதுதான், மிச்சத்தையும் வெட்டிக்கங்க" என்றார். அது இப்போது ஒரு துப்பட்டியின் உள்ளடுக்கில் இருக்கிறது. கோபப்பட எல்லா நியாயமும் இருந்த இடத்தில் கோபப்படாதவர் அவர். இந்த மடலில் அவரைப் பற்றி எழுதும்போதுதான் எனக்குக் கண் கலங்கியது.

துப்பட்டியோடு ஆளுக்கொரு தலையணையும் கொடுக்க நினைத்தோம். இலவம் பஞ்சுக்குப் பேர்போன போடியில் இருந்துகொண்டு பஞ்சுக்கு வெளியே போவானேன்? பஞ்சுப்பேட்டைக்காரர் ஒருவர் கொட்டை நீக்கிய பஞ்சை மூட்டையாகவே கொடுத்தார். அடிக்கடி துவைக்கிற துப்பட்டிக்கு இலவம் பஞ்சு ஆகாது, தண்ணீர் பட்டால் கட்டி தட்டிவிடும், தலையணைக்கு மட்டும் வையுங்கள் என்று அவர்தான் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: மூட்டை பிரித்திருக்கும்போது ஃபேன் போடக்கூடாது. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் அது தெரிந்ததுதான். ஆனால் மெஷின் கடனுக்காகப் பார்வையிட வந்த வங்கி மேலாளருக்கு வேர்த்துக் கொட்டியது. விருந்தாளி வேர்க்க நிற்கிறாரே என்று ஒரு பிள்ளை பாசத்தோடு சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

மூட்டை மூன்றும் திறந்திருந்தன.

இலவம் பஞ்சு கனமே இல்லாதது. தரைக்கு வர மனசில்லாமல் நெடுநேரம் மிதக்கும். கண்ணைத் திறந்து பார்த்தபோது மேலாளர் புருவம், மீசை, கையிலிருந்த கோப்பு எல்லாம் வெள்ளை. இருபது வயசுப் பிள்ளைகளும் நரைத்து நின்றார்கள். ஃபேனைப் போட்ட பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்து, "அழாதம்மா, எனக்கு இப்ப வேர்க்கலை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்து ஈரத்துணியால் சுவரும் உத்தரமும் ஒற்றியெடுத்த பக்கத்துத் தெருப் பெண்களுக்கும் நன்றி. விளக்குமாற்றால் பெருக்கினால் பஞ்சு மறுபடி எழுந்துவிடும், ஈரத்தில் ஒற்றினால்தான் அடங்கும். அந்தப் பொறுமையான வேலையை முகம் சுளிக்காமல் செய்தார்கள்.

தேனியிலிருந்து வந்த மெஷின் மெக்கானிக் தம்பிக்கு. கால்மெஷின்கள் எல்லாவற்றிலும் துணிக்கு அடியில் நூல் கூடுகட்டிக்கொண்டு நின்றபோது, அடிநூல் இருக்கிற பாபின் கேஸைக் குற்றம் சொல்லி எத்தனையோ மாற்றிப் பார்த்துவிட்டார்கள். "அடியில சிக்குனா மேல பாருங்கக்கா" என்றார் தம்பி. துணியை அழுத்துகிற பாதம் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், மேல்நூலைப் பிடிக்க இறுகிக் கிடக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் உட்காராது. மேல்நூல் பிடிப்பில்லாமல் ஓடி அடியில் குவிந்துவிடும். பாதத்தைத் தூக்கிவிட்டுக் கோக்கச் சொன்னார். கனமான அடுக்குக்கு 16-ஆம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டு 18 போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. இரண்டு பழைய அரசாங்க இலவச மெஷின்களுக்குப் பெல்ட்டும் அவர் கைக்காசு.

சலவைக்கார அண்ணனுக்கு. சிவப்புக் கரை ஒன்று சாயம்விட்டு, வரிசையாக நனைத்திருந்த துப்பட்டிகள் அத்தனையும் ரோஜா நிறமாகிவிட்டன. கொடியில் போட எடுத்த கையைப் பிடித்துத் தடுத்தவர் அவர். காய்ந்துவிட்டால் கறை பிடித்துக்கொள்ளும், ஈரத்தோடேயே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போய், வெந்நீரும் சோப்புமாக மாற்றி மாற்றி அலசி, விடிய விடிய நின்று மீட்டுக் கொடுத்தார். லேசான ரோஜா ஒன்றிரண்டில் தங்கியிருக்கிறது. வாங்கிய பாட்டி ஒருவர் அதைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் புதுச் சேலை வந்தால் கரையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகே கத்தரி வைக்கிறோம்.

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பிவந்த தங்கைக்கு நான் சொல்லவேண்டிய நன்றி பெரிது. ஊசி உடைந்தால் அங்கே எல்லாத் துண்டையும் தேடியெடுத்து நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்களாம். அதையே இங்கே கொண்டுவந்தாள். ஒரு நாள் ஊசிமுனை ஒன்று கிடைக்கவில்லை. அன்றைக்குத் தைத்தது எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எல்லாருக்கும் அலுப்பு, ஒருத்தி அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ரேடியோக் கடைப் பையன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தடவினான். மூன்றாவது துப்பட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு வந்தது முனை. படுத்தபடுக்கையாக இருக்கிற ஒரு ஆத்தாவுக்கு என்று ஒதுக்கிய துப்பட்டி அது. பேச்சை நிறுத்தியவள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

மதுரையிலிருந்து சேலை மூட்டைகளை ரயிலில் ஏற்றிவிட்ட மதினிமார்களுக்கும், போடி நிலையத்தில் இறக்கிக் கொடுத்த ஆட்டோக்காரர்களுக்கும் நன்றி. 2023 ஜூனில் ரயில் மறுபடி போடிவரைக்கும் வந்திராவிட்டால் இத்தனை மூட்டைக்கு வண்டிக் கூலியே எங்களை முடக்கியிருக்கும்.

அடுத்த மார்கழிக்கும் தைக்கிறோம். சேலை கொடுக்க நினைப்பவர்கள் பருத்தியாகப் பார்த்துத் துவைத்துக் கொடுங்கள். சரிகையும் நைலானும் வேண்டாம். உடம்பில் குத்தும், வேர்வையை உறிஞ்சாது. வேட்டியும் தரலாம், வெட்டாததாக இருந்தாலும் வாங்கிக்கொள்வோம். பிரிக்கத் தெரிந்தவர்கள் பிளேடோடு வாருங்கள். தைக்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே உங்களுக்கும் நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
துப்பட்டி தைத்த பெண்கள் சார்பில்,
உங்கள் மதினி
போடிநாயக்கனூர்