விடியும்வரை காத்திருந்தவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். பறந்தவர்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தீர்கள். தரையில் உழைத்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் விமானத் தளங்களில் அவர்கள் வேலை காலையிலேயே தொடங்கிவிடும். ஒவ்வொரு விமானத்துக்கும் 4 மெர்லின் இன்ஜின்கள். அத்தனையையும் சோதிக்க வேண்டும். அதுவும் குளிர்காலத்தில், திறந்தவெளியில், மரத்துப்போன விரல்களோடு. அப்புறம் பெட்ரோல் நிரப்புவது, குண்டுகளை ஏற்றுவது. எவ்வளவு பெட்ரோல் என்பதை வைத்தே அன்றிரவுப் பயணம் பக்கத்திலா, பெர்லின் வரைக்குமா என்று ஊகித்துவிடுவார்கள். விமானத்தில் பறக்கும் 7 பேரை வழியனுப்பிவிட்டு விடியும்வரை காத்திருப்பார்கள். விமானம் திரும்பாவிட்டால் அது நின்ற இடம் காலியாகக் கிடக்கும். பிறகு புது விமானம், புது ஆட்கள், மறுபடியும் அதே வேலை.

1943-இல் இந்தக் குண்டுவீச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் எரிந்து மடிந்த மக்களை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருக்குக் கடைசியாகக் கையசைத்தவர்கள் இந்த மெக்கானிக்குகள்தான். அவர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்