ஆர்.சி.யோடு ஏலம் போகும் டோட்டல் லாஸ் வண்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தரைவிரிப்பைத் தூக்கித் துருப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தவை எல்லாம் சரியானவையே. ஆனால், மோட்டார் காப்பீட்டில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையும் விபத்தில் நொறுங்கிய வண்டியையும் கண்டுபிடிக்கும் பொறுப்பை வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அந்த வண்டி 'டோட்டல் லாஸ்' ஆனது என்பது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியும். அதை அந்த நிறுவனமே நேரடியாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாத வரை இந்த மோசடி நிற்காது.

பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் குறிப்பிட்ட ஐ.டி.வி.யில், அதாவது வண்டிக்குக் காப்பீட்டில் நிர்ணயித்த மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டியை மொத்த இழப்பாகக் கருதி உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மிஞ்சிய வண்டி 'சால்வேஜ்' என்ற பெயரில் ஏலத்துக்குப் போகிறது. அதற்கு இரண்டு விலை உண்டு. ஆர்.சி. இல்லாமல் எடுத்தால் ஒரு விலை, ஆர்.சி.யோடு எடுத்தால் அதைவிடக் கூடுதலாக இன்னொரு விலை. சர்வே அறிக்கையிலேயே 'வித் ஆர்.சி.', 'வித்தவுட் ஆர்.சி.' என்று இரண்டு தொகைகளைக் குறிப்பது இத்துறையில் வெகு சாதாரணம். இரண்டு வரியிலும் இருப்பது அதே நசுங்கிய வண்டிதான். காயலான் கடையில் பாகம் பாகமாகப் பிரிக்கப்படப் போகிற வண்டிக்கு ஆர்.சி. எதற்கு? அந்தக் கூடுதல் தொகை முழுவதும் வண்டியின் அடையாளத்துக்குக் கொடுக்கப்படும் விலை என்பது ஏலம் எடுப்பவருக்கும் தெரியும், ஏலம் விடுபவருக்கும் தெரியும்.

அந்த அடையாளம் இரண்டு வழிகளில் பணமாகிறது. ஒன்று, மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து, பாலிஷ் போட்டு, நடந்ததைச் சொல்லாமல் விற்பது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் வண்டிகள் தண்ணீரில் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படிப்பட்ட வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் வயரிங் இணைப்புகளிலும் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் புகுந்த ஈரம் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். அவசரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்பதால் இதை வெறும் பண நஷ்டமாக நான் பார்க்கவில்லை.

இரண்டாவது வழி இதைவிடக் கொடியது. நொறுங்கிய வண்டி என்ன மாடலோ, என்ன நிறமோ, அதேபோன்ற ஒரு கார் வேறெங்காவது திருடப்படுகிறது. நொறுங்கிய வண்டியின் சேஸிஸ் எண் பொறித்த தகட்டுப் பகுதியை அப்படியே வெட்டி எடுத்து, திருட்டுக் காரில் அதே இடத்தில் பற்றவைத்து, மேலே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். சந்தேகத்தோடு விரலால் தடவிப் பார்ப்பவருக்குத்தான் அந்த வெல்டிங் மேடு தட்டுப்படும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் திருட்டு வாகனப் பட்டியலில் தேடினாலும் எதுவும் சிக்காது. ஏனென்றால் தேடப்படும் எண் திருடப்படாத ஒரு வண்டியின் எண். அந்த வண்டி இப்போது இல்லை என்பதை யாரும் அரசுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, வண்டி அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற அளவு விரைவில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி.யையும் ஒப்படைக்க வேண்டும். கடமை உரிமையாளருடையது என்பதுதான் இதிலுள்ள ஓட்டை. வண்டியை இழந்து, கிளெய்ம் பணம் எப்போது வரும் என்று காத்திருக்கும் அவருக்கு அந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. நீட்டுகிற காகிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார். அவற்றில் உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களும் நிரப்பப்படாமலே இருக்கும். பெயர் மாற்றப்படாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருப்பதால், இந்த அலட்சியத்தின் சுமை கடைசியில் அந்த அப்பாவியின் மேல்தான் விழும்.

டோட்டல் லாஸ் ஆன வண்டிகளின் பதிவை எல்லாம் ஒட்டுமொத்தமாக ரத்து செய்துவிட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஐ.டி.வி. குறைந்துபோன பழைய வண்டிக்கு, பம்பரும் கதவுகளும் ஒரு பக்கத் தகடும் மாற்றினாலே செலவு 75 சதவீதத்தைத் தாண்டிவிடும். நல்ல மெக்கானிக் கையில் அது பத்திரமாக ஓடக்கூடிய வண்டிதான். இங்கிலாந்தில் 2017 அக்டோபர் முதல் இத்தகைய வண்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். ஏ, பி வகைகள் மீண்டும் சாலைக்கு வரவே கூடாது. எஸ் வகையில் வண்டியின் கட்டமைப்பு பாதிக்கப்பட்டிருக்கும், என் வகையில் பாதிக்கப்பட்டிருக்காது; இவ்விரண்டும் சரிசெய்யப்பட்டுத் திரும்பலாம். நமக்கும் அப்படியொரு பிரிவினை வேண்டும். சரிசெய்யப்பட்ட வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்த்த பிறகே சாலைக்கு விட வேண்டும். அந்த விவரம் எத்தனை கை மாறினாலும், எந்த மாநிலத்துக்குத் தடையின்மைச் சான்று வாங்கிப் போனாலும் ஆர்.சி.யில் அழியாமல் நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் மாநிலம் மாற்றிப் பதிவு செய்து இந்தக் குறிப்பை அழித்துவிடும் தந்திரம் பல காலம் நடந்தது. அதற்காகவே 1992-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் தேசிய அளவில் ஒரே தகவல் தொகுப்பை ஏற்படுத்தினார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் சால்வேஜ் வண்டிகளை வாங்கி விற்பவர்களும் தங்கள் கைக்கு வந்த வண்டிகளின் விவரத்தை மாதந்தோறும் அதில் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2009-இல் வந்தது. உரிமையாளர் சொல்வார் என்று காத்திருக்காமல், தகவல் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அங்கே கேட்டு வாங்குகிறார்கள்.

இங்கே அதற்கான வசதி பாதிக்கு மேல் தயாராகவே இருக்கிறது. வண்டியின் காப்பீடு எந்தத் தேதி வரை என்பது எம்-பரிவாஹன் செயலியில் தெரிகிறது என்றால், காப்பீட்டு நிறுவனத்தின் தகவல் அரசுப் பதிவேட்டுக்குப் போய்ச் சேர வழி இருக்கிறது என்றுதானே பொருள்? பாலிசி விவரம் போகும் அதே வழியில் டோட்டல் லாஸ் விவரமும் போகலாம். கிளெய்ம் பணம் கொடுக்கும் நாளிலேயே 'வாஹன்' என்ற அரசு வாகனப் பதிவேட்டில் குறிப்பு ஏற வேண்டும்; அது ஏறாமல் சால்வேஜை ஏலத்துக்கு விடக்கூடாது; தேறாத வண்டியை ஆர்.சி.யோடு விற்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த பதிவுபெற்ற வாகன அழிப்பு மையங்களுக்கே அத்தகைய வண்டிகள் போய்ச் சேர வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு சுற்றறிக்கையால் இதைத் தொடங்கி வைக்கலாம். அதற்கும் தாமதமானால், மோட்டார் காப்பீடு வழங்கும் நான்கு பொதுத்துறை நிறுவனங்களை மத்திய நிதி அமைச்சகம் முதலில் இறங்கச் சொல்லட்டும். அவற்றுள் ஒன்றின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, தமிழ்நாட்டு வண்டிகளை மட்டும் கொண்டு இதை நடத்திக் காட்ட அந்த நிறுவனமும் மாநிலப் போக்குவரத்து ஆணையரகமும் முன்வர வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் சர்வேயர்,
தாம்பரம்.