கன்றுகளை எண்ணுமுன் நிலத்தைப் பாருங்கள்: வன்னியின் வைர மரங்கள் பற்றி ஒரு திறந்த மடல்

வட இலங்கையின் வன்னிப் பகுதியில் மீள்நடுகைத் திட்டங்களை வகுக்கும் வனவள அதிகாரிகளுக்கு,

வணக்கம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் இழந்த காட்டை மீட்க எத்திட்டம் வகுத்தாலும், கன்றுகளின் தொகையைத் தீர்மானிக்குமுன் எந்த நிலத்துக்கு எந்த மரம் உரியது என்று பார்க்குமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

மருது ஆற்றங்கரையையும் குளத்தோரத்தையும் நாடும். முதிரைக்கு நீர் வடியும் நிலம் வேண்டும். பாலை மரமும் வீரை மரமுமோ மிக வறண்ட இடங்களிலும் பசுமை குன்றாமல் நிற்பவை. நீரில் இட்டால் மூழ்குமளவு கனமான பாலையின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை, ஒரு காலத்தில் புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போனது. ஆனி, ஆடியில், காட்டில் வேறு தீன் அருகும் வேளையில் பழுக்கும் அதன் மஞ்சள் பழத்துக்காகக் கரடி மரமேறுவதை வில்பத்துத் தேசியப் பூங்காவை அறிந்தவர்கள் அறிவார்கள். குரங்கும் பச்சைப்புறாவும் கிளையில் உண்ண, உதிர்ந்ததை மான் பொறுக்கும். பழத்தின் பாலில் உதடு ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும் ஒரு கையளவோடு நிறுத்திய பிள்ளையை நான் கண்டதில்லை.

தேக்கு இத்தீவின் காட்டில் இயல்பாக வளர்ந்த மரமன்று. வறட்சியில் இலையுதிர்த்து நிற்கும், உண்ணத்தக்க பழமும் தராது. மரத்தேவைக்கு அதை நடுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேக்கந்தோட்டத்தைக் காட்டுக் கணக்கில் சேர்ப்பது முறையன்று.

பாலை வளரத் தாமதிக்கும் என்பீர்கள். உண்மைதான், நட்டவர் ஓய்வுபெறும்போதும் அது இளமரமாகவே நிற்கக்கூடும். அதனாலேயே, எஞ்சியுள்ள முதுமரங்களை விதைமரங்களாகக் குறித்துக் காப்பது நடுகையிலும் முந்திய பணியாகிறது. நாற்றுமேடையில் வளர்க்க இயலாது என்ற சாட்டு நிற்காது. சப்போட்டாவை ஒட்டுவதற்கு இந்தியாவில் பாலைக் கன்றுகளைத்தானே அடிக்கன்றாக வளர்க்கிறார்கள்!

இன்னொன்று: சூரை, காரை முட்செடிகள் மண்டிய பற்றைக்காடுகளைப் பயனற்றவை என்று கருதி டோசரால் வழித்துவிட்டு அங்கே கன்று நடாதீர்கள். பறவை எச்சமிட்ட விதைகள் அந்த முள்நிழலில்தான் மேய்ச்சலுக்குத் தப்பி முளைக்கின்றன. வரும் ஆனியில், பழம் உதிரும்போது, காட்டோரக் கிராமங்களின் மூத்தவர்களையும் அழைத்துக்கொண்டு அந்நிலங்களை ஒருமுறை நடந்து பார்த்து, விதை சேகரித்தபின் நடுகைப் பட்டியலை எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வன்னிவாசி ஒருவர்