புது ஆல்பம் கேட்ட பன்னிரண்டு ஞாயிறுகள்: செயலாளரின் 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், மதுரை சிம்மக்கல் மாடி அறையை இந்த ஆண்டும் வாடகை ஏற்றாமல் தந்த வீட்டுக்கார ஐயாவுக்கும் வணக்கம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை ஒரு புது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, ஒன்றையும் தாண்டாமல் கேட்பது நம் வழக்கம். மே 11 சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவை. அன்று யார் மாடியேறி வருவார்கள்? 18-ஆம் தேதிக்குத் தள்ளினோம். மற்ற மாதங்களில் நாள் மாறவில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். போர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னி ஜனவரி 5-ஆம் தேதி வெளியிட்ட ஆல்பம், 17 பாட்டுகள். 'இன்னும் நிறையப் படம் எடுத்திருக்கணும்' என்பதுதான் தலைப்பின் பொருள். ஸ்பானிய ராப் நமக்கு எதற்கு என்று மூத்தவர்கள் இருவர் முதலிலேயே கேட்டார்கள். நடுவில் 'பிளேனா' வந்தது. அது அந்தத் தீவின் நாட்டுப்பாட்டு. ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய கைப்பறைகள், மூன்று அளவில். பெரியது நடையைப் பிடித்துக்கொண்டிருக்க, சின்னது மேலே விளையாடும். நம் பறைக்காரத் தம்பி நாற்காலிக் கைப்பிடியில் தட்ட ஆரம்பித்துவிட்டார். பிளேனாவுக்குப் 'பாடும் செய்தித்தாள்' என்று அங்கே பெயர் உண்டு என்று சொன்னதும், கேள்வி கேட்ட பெரியவரே எழுந்து, தன் தகப்பனார் சந்தையில் கேட்டுவந்த, கொலைச் செய்தியைப் பாட்டாகச் சொல்லும் கொலைச்சிந்து மெட்டைப் பாடிக் காட்டினார். அந்தச் சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன்.

மார்ச் 8 இரவு லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. அவர் பிறந்த பண்ணைப்புரம் அன்றைய மதுரை மாவட்டத்து ஊர் அல்லவா, மறுநாள் கூட்டத்தில் வேறு எதையும் கேட்க மனம் வரவில்லை. விதியைத் தளர்த்தி, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக அவர் 1986-இல் தந்த ஆல்பத்தைக் கேட்டோம். வயலின்களுக்காகவே சில இடங்களை மறுபடி போடச் சொன்னார்கள்.

ஏப்ரலில் அனுஷ்கா சங்கர். ரவிசங்கரின் மகள் சிதாரும், அலி அக்பர் கானின் மகன் ஆலம் கான் சரோடும் வாசிக்க, தாளத்துக்குச் சாரதி கோர்வார். ஆல்பம் சின்னது. நிதானமான ஆலாபனைக்குப் பழகிய என் காதுக்குப் போதவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஜூனில் அமெரிக்கப் பாடகி லேடி காகா. ஆம்பிளிஃபயர் இரைந்ததால் பாதி கேட்கவே இல்லை. அதற்காக உறுப்பினர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஜூலைக்குள் சரிசெய்துவிட்டோம்.

டிசம்பரில் ஸ்பெயின் பாடகி ரோசலியா. நவம்பர் 7 அன்று வந்த ஆல்பம், லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு, 13 மொழிகளில் பாடியது. இதற்குப் பொருள் எழுதிய தாளை நம் ஆசிரியை அக்கா நான்கு நாள் உட்கார்ந்து தயாரித்தார். முந்தைய கூட்டங்களில் பாதியிலேயே செல்போனை எடுத்தவர்கள்கூட அன்று தாளில் விரல் வைத்து வரி வரியாகக் கூடவே வந்தார்கள். மொழி தெரியாத ஆல்பம் என்றால் இனி தாள் இல்லாமல் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அக்கா ஒருவரே எல்லாவற்றையும் சுமக்க முடியாது. எழுத இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த கூட்டம் ஜனவரி 11. அப்புறம், மூட்டு வலிக்காரர்களுக்காகக் கீழ்த்தளத்தில் இடம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செயலாளர்