கிராங்க் புல்லி கழன்றுவிட்டது

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். நான் பதில் போடுவதில்லை என்று நெட்டையனிடம் குறைபட்டுக்கொண்டாயாமே? அவன் காதில் ஒன்றைப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துமா! சரி, அது கிடக்கட்டும். என் காரின் கிராங்க் புல்லி, அதுதான் எஞ்சினின் சுழலும் தண்டு முனையில் இருந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம், ஒருவழியாகக் கழன்றுவிட்டது. நீயும் அதே வேலையில் இறங்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்த அவசரம்.

முதல் தொல்லை, புல்லியைத் தண்டோடு பிடித்திருக்கும் நடு போல்ட். சில எஞ்சின்களில் அதை 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கியிருப்பார்கள். போல்ட்டில் திருகுக் கம்பியைப் போட்டு அழுத்தினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். என்னுடையது கையால் கியர் மாற்றும் வண்டி என்பதால் மேல் கியரில் போட்டு, தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, நீளமான குழாய் மாட்டித் திருகினேன். ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கம்பி சுழன்று வந்தால் கை போய்விடும். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கவும் கூடாது, ஸ்டாண்ட் வை.

போல்ட் வந்த பிறகும் புல்லி அசையவில்லை. நடு மையமும் தண்டும் துருவில் ஒட்டிக் கிடந்தன. துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க ஊற விட்டேன். உன்னிடம் பெரிய சுத்தியல் இருக்கிறது, பொறுமை மட்டும் இல்லை. தயவுசெய்து அதைத் தொடாதே. தண்டின் முனையில் விழும் அடி உள்ளே தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் போய் இறங்கும்.

இதைக் கவனமாகப் படி. பெரும்பாலான கிராங்க் புல்லிகளில் வெளி வளையத்துக்கும் நடு மையத்துக்கும் இடையே ரப்பர் இருக்கும். சிலிண்டருக்குள் எரிபொருள் வெடிக்கும்போதெல்லாம் தண்டு முறுக்கி அதிரும். அந்த அதிர்வை வாங்கிக்கொள்வது அதுதான். புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவியின் கால்களை வெளி விளிம்பில் மாட்டி இழுத்தால் ரப்பர் பிய்ந்துபோகும். சில சமயம் அன்றைக்குத் தெரியாது. பிறகு வளையம் நழுவும், பெல்ட் அலையும், தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று காட்ட விளிம்பில் இருக்கும் டைமிங் குறியும் பொய் சொல்லும். நெருப்புக் காட்டினாலும் ரப்பர் போகும், எண்ணெய் கசியாமல் தடுக்கப் பின்னால் இருக்கும் ஆயில் சீலும் போகும். மையத்தில் மரையுள்ள துளைகள் இருந்தால் அதில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் சரி. தண்டின் மரை கெடாமல் இருக்க, அதைவிட மெலிந்த நீள போல்ட் ஒன்றை உள்ளே விட்டு, அதன் தலையில் புல்லர் திருகை அழுத்தினேன்.

திருகு இறுகிக்கொண்டே போனது, ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் விட்டுவிட்டு மறுபடி கால் திருப்பு. 'டக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் தண்டில் மயிரிழை அகலத்துக்குப் பளபளவென்று புது இரும்பு தெரிந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, போ!

இன்னொன்று. சில எஞ்சின்களில், ஃபோர்டின் சில டுராடெக் எஞ்சின்கள் மாதிரி, புல்லியையும் டைமிங் பல்சக்கரத்தையும் தண்டோடு பூட்டும் சாவி (சிறு உலோகத் துண்டு) கிடையாது. அந்த ஒரு போல்ட்டின் இறுக்கம்தான் இரண்டையும் பிடித்து வைத்திருக்கும். தளர்த்தினால் டைமிங்கே, அதாவது வால்வுகள் தண்டோடு ஒத்துத் திறந்து மூடும் ஒழுங்கே, போய்விடும். உன்னுடையது எந்த எஞ்சின்? போல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் எழுது. புல்லரைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள், சீலையும் புதிதாக வாங்கி வை.

அன்புடன்,
உன் நண்பன்