ஆய்வுக் குழு வருமுன் கடைசி வரிசையில் ஒரு நாள் அமருங்கள்: சேலம் மாவட்டக் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலைய நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்துக் கல்லூரிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும், பாலிடெக்னிக்குகளையும் தொழிற்பயிற்சி நிலையங்களையும் நடத்தி வருவோருக்கும் வணக்கம்.

இம்மாவட்டத்தின் தனியார் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அவற்றுள் ஏழு ஆண்டுகள் கல்லூரியின் தரத்தை உள்ளிருந்தே கண்காணிக்கும் அகத்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளராக இருந்து, உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக் (NAAC) அனுப்பும் ஆய்வுக் குழுவின் வருகையை இரண்டு முறை எதிர்கொண்டேன். இம்மடலில் நான் குறை சொல்லப்போகும் செயல்களில் பலவற்றை நானே செய்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

முதல் வருகைக்கு முந்திய வாரத்தில், மூன்று ஆண்டுகளாக நடக்காத துறைக் கூட்டங்களுக்கான குறிப்புகளை நானும் இரண்டு இளைய ஆசிரியர்களும் இரண்டே இரவுகளில் எழுதி முடித்தோம். பேனாக்களை மாற்றினோம், கையெழுத்துகளை மாற்றினோம், தாள் பழையதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஓரங்களைக்கூடக் கசக்கினோம். ஆய்வு நாளன்று குழு உறுப்பினர் ஒருவர், நாங்கள் எல்லா மாணவர்களுக்கும் அச்சிட்டுக் கொடுக்கும் கல்லூரி நாட்காட்டியை ஒரு கையிலும் அந்தக் குறிப்பேட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு தேதிகளை ஒப்பிட்டார். ஒரு கூட்டம் நடந்ததாக நாங்கள் எழுதியிருந்த நாளில், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்காக மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை. "விடுமுறை நாளில்கூடக் கூட்டம் நடத்துகிறீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் காட்டிய உண்மையான ஆவணங்களையும் அவர் அதே பார்வையோடுதான் புரட்டினார். எங்களுக்குக் கிடைத்த மதிப்பெண்ணைக் காட்டிலும் அந்தப் பார்வைதான் இன்றுவரை என் நினைவில் இருக்கிறது.

மதிப்பெண் எங்கே இருக்கிறது என்பதை நிர்வாகம் ஒருமுறை நிதானமாகப் பார்த்திருந்தால், அந்த இரவுகள் தேவைப்பட்டிருக்காது. 2017 இல் நடைமுறைக்கு வந்த நாக் மதிப்பீட்டு முறையில், பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரி ஒன்றுக்கு ஏழு அளவுகோல்களுக்குமாகச் சேர்த்து 1000 மதிப்பெண்கள். அவற்றுள் கற்பித்தல், கற்றல், மதிப்பிடல் ஆகியவற்றுக்கு மட்டும் 350. கட்டடம், நூலகம், கணினி உள்ளிட்ட வசதிகள் அனைத்துக்கும் சேர்த்து 100. ஆனால் ஆய்வுத் தேதி உறுதியானதும் நாம் முதலில் அழைப்பது யாரை? சுண்ணாம்பு அடிப்பவரையும் பூந்தொட்டி வாடகைக்குத் தருபவரையும்தான். நூறு மதிப்பெண்ணுக்கான பகுதியில் நாம் காட்டும் பதற்றத்தில் பாதியைக்கூட முந்நூற்றைம்பதுக்கான பகுதியில் காட்டுவதில்லை. அந்த முந்நூற்றைம்பதுக்குள்தான் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பும் இருக்கிறது. அதன் வினாக்கள் மாணவரின் மின்னஞ்சலுக்கே நேராகப் போய்ச் சேருகின்றன. வரவேற்பு வளைவைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. ஆசிரியர் பாடத்தைத் தயாரித்துக்கொண்டு வருகிறாரா, புரியும்படி நடத்துகிறாரா, உங்கள் குறையைக் கண்டறிந்து உதவுகிறாரா என்பன போன்றவைதாம் கேள்விகள்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் பதினாறு வயதைக் கடந்தோருக்கான கல்லூரிகளையும் தொழிற்பயிற்சி நிறுவனங்களையும் ஆஃப்ஸ்டெட் என்னும் அரசு அமைப்பு ஆய்வு செய்கிறது. அங்கே ஆய்வு வரப்போகும் செய்தியை சில வேலை நாள்களுக்கு முன்புதான் தொலைபேசியில் சொல்வார்கள். வந்தவர்கள் வகுப்புகளில் அமர்வார்கள். மாணவர் எழுதியவற்றைப் புரட்டுவார்கள். பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுக்கும் முதலாளிகளோடும் பேசுவார்கள். அம்முறையும் குறையற்றதன்று, பள்ளிகளின் ஒட்டுமொத்த நிலையை ஒரே சொல்லில் தீர்ப்பாக எழுதும் வழக்கத்தைக் கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2024 இல் கைவிட்டார்கள். ஆயினும், சில நாள்களே அவகாசம் என்னும்போது எந்த நிர்வாகியாலும் மூன்று ஆண்டுக் கூட்டங்களை எழுதி முடிக்க முடியாது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆண்டுதோறும் தங்கள் பலத்தையும் பலவீனத்தையும் தாங்களே எழுதி வைத்து, அந்தப் பலவீனத்துக்கு என்ன செய்தோம் என்பதையும் அதன் அருகிலேயே எழுதுகிற கல்லூரிகள்தாம் அங்கே தடுமாறாமல் நிற்கின்றன.

ஆகவே நான் முதலாவதாகக் கேட்டுக்கொள்வது இது: முதல்வர் வாரத்துக்கு இரண்டு முறையாவது, முன்னறிவிப்பு இல்லாமல், ஏதேனும் ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் இருபது நிமிடம் அமர வேண்டும். ஆசிரியரைக் கவனிப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும் மாணவரின் நோட்டைக் கவனியுங்கள். சென்ற வாரம் நடத்தியதில் எதை எழுதியிருக்கிறார், அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் தன் சொற்களில் சொல்கிறாரா என்று பாருங்கள். வெளியே வந்தபின் மெமோ கொடுக்க வேண்டாம். அந்த ஆசிரியரோடு ஒரு தேநீர் குடித்துக்கொண்டே பேசுங்கள். மெமோவுக்குப் பயந்த ஆசிரியர் அடுத்த முறை உங்களுக்காக ஒரு நாடகம் நடத்துவாரே தவிர, பாடம் நடத்த மாட்டார்.

இரண்டாவது வருகைக்கு முன் நாங்கள் செய்த ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டை மாதந்தோறும் பாடவேளை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டாம் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் முதல் பாடவேளையில் மட்டும் தொடர்ந்து வராதவர்களாகத் தெரிந்தார்கள். சோம்பேறிகள் என்று துறையில் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார்கள். விசாரித்தால், அவர்களில் பெரும்பாலோர் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். ஊரிலிருந்து ஏற்காடு வரை நடந்தோ ஜீப்பில் தொற்றிக்கொண்டோ வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கி வர வேண்டியவர்கள். மழையும் பனிமூட்டமும் சேர்ந்த நாளில் அந்தப் பேருந்து எப்போது அடிவாரத்தைத் தொடும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. முதல் பாடவேளையில் இருந்த கணக்குப்பதிவியல் பயிற்சி வகுப்பை மூன்றாவதற்கு மாற்றினோம். அந்தப் பருவத்தில் அவர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் அத்தாளில் தேறினார்கள். பழைய கால அட்டவணை, புதிய கால அட்டவணை, இரண்டு பருவத்துத் தேர்வு முடிவுகள் ஆகிய நான்கு தாள்களைத்தான் ஆய்வுக் குழுவின் முன் வைத்தோம். மற்ற எந்தக் கோப்புக்கும் செலவிடாத நேரத்தை அவர்கள் அந்த நான்கு தாள்களுக்குச் செலவிட்டார்கள்.

தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துவோருக்கு இந்த உண்மை இன்னும் எளிதாக விளங்கும், ஏனென்றால் அங்கே பொய் சொல்ல இரும்பு ஒத்துழைக்காது. ஃபிட்டர் பயிற்சி மாணவர் ராவி முடித்த ஜாப்பில், அதாவது பயிற்சிக்காகச் செய்த இரும்புத் துண்டில், மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், அவர் எத்தனை நாள் உண்மையில் ராவினார் என்பது தெரிந்துவிடும். ஆயினும், லேத் மேல் தார்ப்பாய் மூடியே கிடக்க, மூலப்பொருள் பதிவேட்டில் மட்டும் இரும்பு மாதந்தோறும் செலவாகிக்கொண்டிருக்கும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பயிற்சியாளரின் ஜாப்பையும் பெயரும் தேதியும் ஒட்டி ஆண்டு முடியும்வரை அலமாரியில் வையுங்கள். உங்கள் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் பட்டறைக்காரர்களையும் ஆலை மேலாளர்களையும் ஆண்டுக்கு இரண்டு முறை அழைத்து, அந்த அலமாரியின் முன் நிற்க வைத்துக் கருத்துக் கேளுங்கள். அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லும் குறைகளை அப்படியே எழுதி வைத்தால், அதைவிட நம்பத்தகுந்த ஆவணம் எதுவும் உங்களிடம் இருக்காது.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நிகழ்ச்சி நடந்த அன்றே தேதியோடும், எடுத்த இடத்தைக் காட்டும் இடக்குறியீட்டோடும் படத்தைச் சேமித்துவிட வேண்டும், அவ்வளவுதான். தமிழில் ஊராட்சித் தலைவர் தந்த சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பையும் அப்போதே சேர்த்துவிடுங்கள்; நாம் அனுப்பிய விவரங்களை நாக் சோதிக்கும் தரவுச் சரிபார்ப்பின்போது அதைக் கேட்பார்கள். நல்ல வேலை செய்த துறைகள் இந்த ஒரு காரணத்தால் மதிப்பெண்ணை இழந்ததைக் கண்டிருக்கிறேன்.

அகத்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளரைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலான கல்லூரிகளில் அந்தப் பொறுப்பு, மறுத்துப் பேசத் தெரியாத ஓர் இளைய உதவிப் பேராசிரியரின் தலையில் விழுகிறது. வாரத்துக்கு 16 மணி நேர வகுப்புச் சுமையில் ஒரு மணி நேரமும் குறைக்கப்படாமல், ஐந்தாண்டுத் தரவுகளையும் அவர் இரவில்தான் தொகுக்கிறார். எங்களைப் போல் கூட்டக் குறிப்புகளைக் கற்பனையாக எழுதும் நிலைக்கு அவரைத் தள்ளுவது அவருடைய குணக்கேடன்று. அந்தச் சுமையைக் குறைக்காத நிர்வாகம்தான். மூத்த ஆசிரியர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்து, வகுப்பு நேரத்தில் பாதியைக் குறைத்து, முதல்வரோடு நேரடியாகப் பேசும் உரிமையையும் கொடுங்கள்.

குறுக்கு வழிகளைப் பற்றிப் பேசுவோர் சிலரும் உங்கள் அறைக்கு வந்து போகலாம். 2025 பிப்ரவரியில், சாதகமான தரமதிப்புக்காகக் கையூட்டுப் பெற்றதாக நாக் ஆய்வுக் குழுவினர் சிலரையே சி.பி.ஐ. கைது செய்த செய்தியை அவர்களிடம் எடுத்துக் காட்டுங்கள். மேலும், முன்னாள் இஸ்ரோ தலைவர் கே. இராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஏற்று, ஏ, பி என்னும் எழுத்துத் தரங்களுக்கு மாற்றாக அங்கீகாரம் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் முறைக்கு மாறப்போவதாக நாக் 2024 இல் அறிவித்தது. எழுத்தை விலைக்கு வாங்க நினைப்பவர், நாளைக்கு இல்லாமல் போகக்கூடிய பண்டத்துக்கு முன்பணம் கொடுக்கிறார்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தின் பொருள்நிரலில் முதல் இடத்தில், முதல்வர் எந்தெந்த வாரங்களில் எந்தெந்த வகுப்புகளில் அமர்ந்தார், அங்கே என்ன கண்டார் என்பதை வாய்மொழியாகச் சொல்லும் பத்து நிமிடங்களை வைக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கான கூட்டக் குறிப்பை அன்று மாலையே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.